கிரேடிங் லேபிளில் தப்பு வந்தால் என்ன செய்வது: என் அனுபவம்

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டு, லேபிளோடு உறையில் அடைத்துத் தருவதுதான் கிரேடிங். அதற்கு அனுப்பிய கார்டு திரும்பி வந்ததும் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது அந்த நம்பருக்குத்தான். ஒன்பதா, பத்தா? நம்பர் நன்றாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு ஸ்லாபை, அதாவது கார்டை அடைத்து மூடிய அந்த பிளாஸ்டிக் உறையை, பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். லேபிளில் மீதி இருக்கிற வரிகளை, அதாவது ஆண்டு, செட், கார்டு எண், ஆட்டக்காரர் பெயர், எந்த வகை என்பதையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர்கள் குறைவு. பல நேரம் விற்கப் போகும்போதுதான் பிழை தெரிய வருகிறது, அதுவும் வாங்க வந்தவர் சுட்டிக்காட்டித்தான்.

கிரேடு என்பது கார்டைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவரின் தீர்ப்பு. மேலே இருக்கும் விவர வரி அப்படியில்லை. கார்டை இன்னதென்று ஒருவர் அடையாளம் காண்கிறார், டேட்டாபேஸில் இருக்கும் பட்டியலிலிருந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கிறார், அது அச்சாகிறது. பட்டியலில் ஒரு வரி தள்ளிக் கை பட்டால் போதும், வேறு கார்டு ஆகிவிடும். இது வேலை செய்யும் இடத்தில் நடக்கக்கூடிய சாதாரணப் பிழை, பெரும்பாலும் திருத்திவிடலாம். ஆனால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தீர்கள், கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்ற இரண்டும்தான் அது சுலபமாக முடியுமா, இழுத்தடிக்குமா என்று தீர்மானிக்கின்றன.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1993-இல் டாப்ஸ் என்ற கார்டு கம்பெனி வெளியிட்ட ஃபைனஸ்ட் பேஸ்பால் செட்டில்தான் ரீஃப்ராக்டர் என்ற வகை முதன்முதலாக வந்தது. பின்னாளில் வந்த பல செட்களில் கார்டின் பின்பக்கத்திலேயே ரீஃப்ராக்டர் என்று அச்சடித்துவிடுகிறார்கள். 93 கார்டில் அந்தச் சொல் எங்கேயும் இருக்காது. சாதாரணக் கார்டும் பளபளவென்றுதான் இருக்கும், படமும் ஒன்று, எண்ணும் ஒன்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது வானவில் நிறங்கள் ஓடுகிறதா என்பதுதான் வித்தியாசம். அந்தச் செட்டிலிருந்து ஒரு ரீஃப்ராக்டரை நான் ஒரு கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினேன். படிவத்தில் ரீஃப்ராக்டர் என்று தெளிவாக எழுதியும் இருந்தேன். கிரேடு எதிர்பார்த்த மாதிரியே வந்தது. லேபிளில் மட்டும் ஆண்டு, செட், எண், பெயர் எல்லாம் சரியாக இருந்து அந்த ஒரு சொல் விட்டுப்போயிருந்தது.

அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் சந்தையில் அது சாதாரணக் கார்டு. என் கையில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன பயன்? ஸ்லாபுக்குள் போன பிறகு வாங்குகிறவர் லேபிளைத்தான் படிக்கிறார், விற்பனைத் தளங்களில் தேடினாலும் லேபிளில் இருப்பதுதான் வரும். எந்தக் கார்டு எந்தக் கிரேடில் எத்தனை என்று கம்பெனி வைத்திருக்கும் கணக்கான பாப் ரிப்போர்ட்டிலும் என் கார்டு சாதாரண வகையின் கணக்கில் ஏறியிருந்தது.

அன்று நான் செய்தவற்றில் மிகவும் உதவியது வீடியோதான். மேஜை விளக்கை ஒரு பக்கமாக வைத்து, ஸ்லாபை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தேன். நேராகப் பிடித்தால் வெறும் வெள்ளிப் பளபளப்புத்தான். கொஞ்சம் சாய்ந்ததும் ஆட்டக்காரரின் தோளிலிருந்து பச்சை தொடங்கி, கார்டின் குறுக்காக மஞ்சளும் ஊதாவுமாக ஓடி ஓரத்தில் போய் மறைந்தது. பக்கத்திலேயே அதே செட்டின் சாதாரணக் கார்டு ஒன்றை வைத்து அதையும் அதே கோணத்தில் சாய்த்துக் காட்டினேன். இரண்டும் ஒரே ஃபிரேமில் இருந்ததால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ரீஃப்ராக்டர் மாதிரி அதே கார்டின் நிறமோ பளபளப்போ மாறிய வகைக்குப் பாரலல் என்று பெயர். பாரலல் சம்பந்தப்பட்ட தகராறில் போட்டோ பெரும்பாலும் ஏமாற்றிவிடும், அது ஒரே ஒரு கோணத்தைத்தான் பிடிக்கும். வீடியோ எடுங்கள், சர்ட் எண் (அந்த ஸ்லாபுக்கென்று லேபிளில் இருக்கும் சான்று எண்) அதில் தெளிவாகத் தெரியும்படி ஆரம்பியுங்கள், நடுவில் வெட்டாதீர்கள்.

முதலில் வந்த பதில் எனக்கு நிஜமாகவே கோபத்தைக் கிளப்பியது. கிரேடு நிபுணர்களின் முடிவு, மறுபரிசீலனை வேண்டுமென்றால் கட்டணம் கட்டி மறுபடி அனுப்பலாம் என்று ஆயத்தமாக வைத்திருந்த ஒரு பதில். நான் லேபிளைப் பற்றிக் கேட்டால் அவர்கள் கிரேடைப் பற்றிய புகார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை எனக்கு ஏன் பத்து கிடைக்கவில்லை என்ற வகையாகத்தான் இருக்கும். அதனால் லேபிள் திருத்தம் கேட்டு எழுதும்போது கிரேடு என்ற பேச்சே வரக்கூடாது. இப்போது நான் எழுதுவது இவ்வளவுதான்:

"ஆர்டர் எண் இது. சர்ட் எண் இது. லேபிளில் இருப்பது: 1993 ஃபைனஸ்ட், கார்டு எண், பெயர். இருக்க வேண்டியது: அதே வரி, கூடவே ரீஃப்ராக்டர். இணைத்திருப்பவை: வீடியோ, அனுப்பும் முன் எடுத்த படங்கள், படிவத்தின் நகல். லேபிள் திருத்தம் மட்டும் தேவை."

கதை வேண்டாம், எத்தனை வருட வாடிக்கையாளர் என்பதும் வேண்டாம். படிக்கிறவர் இரண்டு வரியையும் ஒப்பிட்டு, வீடியோவைப் பார்த்து, அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட முடிய வேண்டும். பிஎஸ்ஏ என்ற கிரேடிங் கம்பெனி இந்த மாதிரிப் பிழையை மெக்கானிக்கல் எரர் என்கிறது. மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. நீங்கள் அனுப்பிய கம்பெனி என்ன சொல்கிறதோ அந்தச் சொல்லையே கடிதத் தலைப்பில் போடுங்கள், சரியான ஆளிடம் போய்ச் சேரும்.

எழுதுவதற்கு முன்னால் அது உண்மையிலேயே பிழைதானா என்று பார்த்துவிட வேண்டும். இதில் நிறையப் பேர் அவசரப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கூடைப்பந்து, ஹாக்கி சீசன்கள் இரண்டு ஆண்டுகளைத் தொட்டுப் போகும். மைக்கேல் ஜோர்டானின் ஃபிளீர் கம்பெனி ரூக்கி கார்டு (ஆட்டக்காரரின் தொடக்கக் கார்டு) 1986-87 சீசனுக்கு உரியது, ஆனால் லேபிளில் 1986 என்று மட்டும் இருக்கலாம். அது அந்தக் கம்பெனி எழுதும் முறை, தப்பு கிடையாது. டி206 என்ற பழைய பேஸ்பால் செட்டில் மகீ என்ற ஆட்டக்காரரின் பெயரைக் கார்டிலேயே தவறாக மேஜி என்று அச்சடித்த பதிப்பு ஒன்று உண்டு, அதுதான் அரியது. அந்தக் கார்டின் லேபிளிலும் தவறான பெயரேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதைத் திருத்தச் சொல்லிக் கேட்டால் விபரீதம்தான். பெக்கெட் என்ற கிரேடிங் கம்பெனியின் ஸ்லாபில், மூலை, விளிம்பு என்று தனித்தனியாகத் தரும் நான்கு உட்கிரேடுகளைக் கூட்டி நான்கால் வகுத்துப் பார்த்துவிட்டு மொத்தக் கிரேடு தப்பு என்கிறவர்களும் உண்டு. அங்கே மொத்தக் கிரேடு வெறும் சராசரி கிடையாது, நான்கில் மிகக் குறைந்த உட்கிரேடு அதைக் கீழே இழுத்துவிடும்.

சரி, பிழைதான் என்று உறுதியானால் அது எந்த ரகம் என்று பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால், கார்டு எண் தப்பாக இருந்தால், அதெல்லாம் கண்ணுக்கே தெரிகிற விஷயம், வாதமே இருக்காது. தலைவலி கொடுப்பது வகையைத் தப்பாகக் கண்டுகொண்ட பிழைகள். ஹாக்கி ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் 1979-80 ரூக்கி கார்டு டாப்ஸிலும் உண்டு, ஓ-பீ-சீயிலும் உண்டு, இரண்டிலும் எண் 18, முன்பக்கப் படமும் ஒன்று. ஓ-பீ-சீ கனடாவுக்காக வந்தது என்பதால் பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக இருக்கும், வெட்டு விளிம்பும் பல நேரம் சொரசொரப்பாக இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்து வரியைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பே தலைகீழாகிவிடும். 1990 டாப்ஸ் ஃபிராங்க் தாமஸ் 414-ஆம் எண் கார்டில் முன்பக்கத்தில் பெயர் விட்டுப்போன பதிப்பு ஒன்று இருக்கிறது. 1989 ஃபிளீர் பில்லி ரிப்கன் 616-இல் மட்டையின் அடிக்கட்டையில் இருந்த கெட்ட வார்த்தையை மறைக்க முயன்றதில், கிறுக்கியது, கறுப்புக் கட்டம் போட்டது, வெள்ளை பூசியது என்று பல பதிப்புகள். இந்த மாதிரிக் கார்டுகளில் லேபிளின் கடைசி இரண்டு மூன்று சொற்களில்தான் மொத்தப் பணமும் இருக்கிறது. பனினி பிரிஸம் போன்ற புதிய செட்களில் எத்தனை நிறம், எத்தனை வடிவம் என்று சொல்லவே வேண்டாம். அங்கே ஒரு சின்ன நிம்மதி, பல ஆண்டுகளின் பாரலல் கார்டுகளில் பின்பக்கத்தில் பிரிஸம் என்ற சொல் தனியாக இருக்கும், சாதாரணக் கார்டில் அப்படி இருக்காது. தொடர் எண் அச்சிட்ட கார்டென்றால் அந்த எண்ணே சாட்சி.

இன்னொரு ரகம் உண்டு, அதுதான் எல்லாவற்றையும் விட மோசம். ஒரே ஆர்டரில் போன இரண்டு கார்டுகளின் லேபிள்கள் இடம் மாறிவிடுவது. ஒரே ஆட்டக்காரரின் ஒரே ஆண்டுக் கார்டுகளை அடுத்தடுத்து வைத்து அனுப்பினால் இது நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சேகரிப்பாளருக்கு இப்படித்தான் ஆனது. விவரமே தப்பாக இருந்ததால் கிரேடும் எது எதற்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூலை மழுங்கிய கார்டுக்கு உயர்ந்த கிரேடும் நல்ல கார்டுக்குக் குறைந்த கிரேடும். அவர் இரண்டு ஸ்லாபையும் சேர்த்தே திருப்பி அனுப்பினார், அதுதான் சரி. ஒன்றை மட்டும் அனுப்பித் திருத்தினால் மற்றது தப்பான லேபிளோடு எங்காவது சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

என்ன கோபம் வந்தாலும் ஸ்லாபை உடைக்காதீர்கள். உடைத்த அந்த நிமிடமே கம்பெனியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது, இந்தக் கார்டுதான் அந்த உறைக்குள் இருந்தது என்று நிரூபிக்க வழியில்லை. திருத்தத்துக்கு உறையைத் திறக்கும் வேலையை அவர்களே செய்யட்டும். அனுப்பும் முன் நான்கு மூலைகளையும் விளிம்புகளையும் உறைக்கு மேலிருந்தே கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். திறக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் பேசுவதற்கு அதுதான் பிடி.

தபால் செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிழை அவர்களுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு, முன்கூட்டியே கட்டணம் கட்டிய ஷிப்பிங் லேபிள் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காப்பீட்டுத் தொகையைச் சரியான வகையின் மதிப்புக்குப் போடுங்கள், தப்பான லேபிளின் மதிப்புக்குப் போடாதீர்கள். வழியில் தொலைந்துவிட்டால் அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் தலையில்தான் விழும். அப்புறம் பெட்டிக்குள் ஒரு தாளில் லேபிள் திருத்தம் மட்டும், மறுகிரேடிங் வேண்டாம் என்று பெரிதாக எழுதி, கம்பெனியின் ஒப்புதல் மின்னஞ்சலையும் அச்செடுத்து வையுங்கள். மின்னஞ்சலில் பேசியவர் ஒருவர், பெட்டியைப் பிரிப்பவர் வேறொருவர்.

பழைய ஸ்லாபாக இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழைய லேபிள், பழைய உறை என்பதற்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், திருத்தம் என்று போனால் புது உறையில் புது லேபிளோடுதான் வரும். பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருந்தால் நான் அப்படியே விட்டுவிடுவேன். கார்டின் வகையே மாறியிருந்தால் விட மாட்டேன். லேபிள் பிழை உள்ள ஸ்லாப் அபூர்வமானது, அதற்குத் தனி விலை கிடைக்கும் என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. கார்டில் உள்ள அச்சுப் பிழைக்குச் சந்தை இருக்கிறது, ஒட்டிய லேபிளில் உள்ள பிழைக்கு வாங்குகிறவனின் சந்தேகம்தான் மிச்சம்.

என் கார்டு திரும்பி வந்தபோது லேபிள் சரியாக இருந்தது. ஆனால் சர்ட் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தால் பழைய விவரமே வந்தது, ரீஃப்ராக்டரைக் காணோம். வாங்குகிறவர் லேபிளையும் தளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது போலி லேபிள் என்றுதான் நினைப்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். மறுபடி எழுதிய பிறகுதான் அதையும் மாற்றினார்கள். அதனால் திரும்பி வந்ததும் லேபிளை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல் தளத்தில் தேடுங்கள், கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள், பாப் ரிப்போர்ட்டில் கணக்கு மாறியிருக்கிறதா பாருங்கள். தளத்தில் கார்டின் படம் இருந்தால் அது உங்கள் கார்டுதானா, பழைய லேபிளோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் எனக்கு நடந்தது, அதைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒருவரிடமிருந்து ரீஃப்ராக்டர் என்று லேபிள் போட்ட ஒரு கார்டு வாங்கினேன். வந்ததும் விளக்கின் அடியில் சாய்த்தேன், நிறம் எதுவும் ஓடவில்லை. சாதாரணக் கார்டு. கிரேடிங் கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறதே, அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிடு என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். இந்த யோசனைதான் நம் பொழுதுபோக்கை உள்ளிருந்து அரிக்கிறது. லேபிள் தப்பு என்று தெரிந்த பிறகு அதே லேபிளைக் காட்டி விற்பது ஏமாற்று, அதற்கு வேறு பெயர் கிடையாது. கடைசியில் மாட்டிக்கொள்கிறவர் பெரும்பாலும் கார்டைச் சாய்த்துப் பார்க்கத் தெரியாத ஒரு புதியவராகத்தான் இருப்பார், அதோடு அவர் கார்டு பக்கமே வராமல் போய்விடுவார்.

காசு விஷயமாகவும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய கிரேடிங் கம்பெனிகள் தங்கள் கிரேடுக்கும் கார்டின் உண்மைத்தன்மைக்கும் உத்தரவாதம் தருகின்றன, விதிகளைப் படித்தால் விதிவிலக்கும் இருக்கும். பிஎஸ்ஏவின் உத்தரவாதத்திலேயே, பார்த்தவுடன் தெரியும் எழுத்துப் பிழைகள் இழப்பீட்டுக்குள் வராது. அதாவது உயர்ந்த வகை என்று லேபிள் போட்ட சாதாரணக் கார்டுக்கு அந்த விலை கொடுத்து வாங்கிவிட்டு, வித்தியாசத்தைக் கம்பெனி தரும் என்று நம்பி உட்கார முடியாது. அவர்கள் லேபிளை மாற்றித் தருவார்கள், பணம் உங்களுக்கும் விற்றவருக்கும் நடுவே உள்ள விவகாரம் என்பார்கள். விற்றவரிடம் கேட்பதற்கோ விற்பனைத் தளத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்லாபைப் பிரித்த அன்றே சோதிக்க வேண்டியதற்கு இதுதான் காரணம்.

என் விஷயத்தில் விற்றவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வீடியோவை அனுப்பி, "உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, லேபிள்தான் தப்பு, திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் லேபிளை நம்பித்தான் வாங்கினேன்" என்று பதில் வந்தது, பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். குற்றம் சாட்டுகிற தொனியில் ஆரம்பித்திருந்தால் இது இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. அந்த ஸ்லாபைத் திருத்தத்துக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்தினேன், செய்தும் விட்டார்.

இப்போது அனுப்பும் முன்பே சில வேலைகளை முடித்துவிடுகிறேன். ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும் படம், பாரலல் என்றால் சாய்த்து ஒரு வீடியோ. படிவத்தில் ஆண்டு, செட், எண், பெயர், வகை என்று முழு வரியையும் எழுதுகிறேன், கம்பெனியின் சொந்தப் பட்டியலில் அந்த வகை எந்தப் பெயரில் இருக்கிறதோ அதே பெயரில். பட்டியலில் அந்த வகையே இல்லையென்றால் அனுப்பும் முன் கேட்டுவிடுவேன், இல்லாத வரியை உள்ளே இருப்பவர் தேர்ந்தெடுக்க முடியாது, பக்கத்து வரியைத்தான் எடுப்பார். எளிதில் குழப்பக்கூடிய கார்டென்றால் கார்டைப் போட்டு அனுப்பும் ஹோல்டரின் வெளிப்பக்கத்தில் ஒட்டி எடுக்கும் சின்னத் தாளில் வகையை எழுதி ஒட்டுகிறேன். படிவத்தின் வரிசையும் கார்டுகளின் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரே மாதிரியான இரண்டு கார்டுகளை அடுத்தடுத்து வைப்பதில்லை. கிரேடு முடிந்து, கார்டுகள் கிளம்புவதற்கு முன்பே விவரம் தளத்தில் தெரிய வரும் கம்பெனிகளில், அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிடுகிறேன். அங்கேயே பிழையைப் பிடித்துச் சொல்லிவிட்டால், பெட்டி கிளம்பும் முன்பே திருத்திவிட வாய்ப்பு உண்டு, இரண்டு பக்கத் தபாலும் மிச்சம்.

திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது விற்க வேண்டிய நிலை வந்தால், தலைப்பிலேயே லேபிள் பிழை என்று எழுதி, வீடியோவையும் கம்பெனியின் பதிலையும் சேர்த்துப் போடுங்கள். லேபிளில் உள்ள வகையின் விலைக்கும் உண்மையான வகையின் விலைக்கும் நடுவில்தான் கிடைக்கும். முடிந்தால் காத்திருங்கள். விற்ற பிறகும் அந்த மின்னஞ்சல்களை அழிக்காமல் வாங்கியவருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பழைய லேபிளோடு எடுத்த படங்கள் எங்காவது கிடந்து, ஒரே சர்ட் எண்ணுக்கு இரண்டு விவரம் எப்படி வந்தது என்று அவரை யாராவது கேட்டால், அவரிடம் காட்டுவதற்கு அது இருக்கும்.